போன் காட்டாத இருட்டு

தருமபுரியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் இப்போது பாதி வேலை நடக்கிறது. அரூர், பென்னாகரம், ஓசூர் என்று சுற்றுவட்டாரத்துச் சிறிய மருத்துவமனைகளில் மருந்து மாறிப்போவதும் ஊசி அளவு தவறுவதும் ஏன் நடக்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் தொழில். யார் செய்தது என்று நாங்கள் கேட்பதில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், வேறு யார் நின்றிருந்தாலும் தவறியிருப்பார்களா என்றுதான் பார்ப்போம்.

கொரோனாவுக்கு முன்னால் இதற்காக வார்டுக்கே போய் நிற்பேன். 2020க்குப் பிறகு வீடியோ கால் பழகிவிட்டது. அதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. நேரில் போனால் "மேடம் வர்றாங்க" என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ட்ராலி பளபளவென்று நிற்கும். போனில் என்றால் நைட் டியூட்டி சிஸ்டரை ராத்திரி 2 மணிக்கு, இருக்கிறபடியே பார்க்கலாம்.

இருக்கிறபடியே என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், ஒரு இன்சுலின் ஊசி விஷயம் வரும்வரை.

நம் நாட்டில் இன்சுலின் வயல், அதாவது மருந்து அடைத்த சின்னக் குப்பி, இரண்டு விதமாகக் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை, 40க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு! சர்க்கரை சரசரவென்று இறங்கி, வியர்த்து, நினைவே தப்பிவிடலாம். திருப்பி மாறினால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது அந்தக் கூட்டிய அளவே ஆபத்தாகும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் சிரிஞ்சு இப்படித்தான் மாறியது. ஊசி போடும் முன் சிஸ்டரே கண்டுபிடித்துவிட்டார். மறைக்காமல் சொன்னார் பாருங்கள், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். அன்றிரவு வீடியோ காலில் ஃப்ரிட்ஜையும் ட்ராலியையும் காட்டச் சொன்னேன். சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது, ஆரஞ்சு ஆரஞ்சாகத் தெரிந்தது. லேபிளைக்கூடப் படிக்க முடிந்தது. இதில் எப்படி மாறும்? 'கவனக்குறைவு' என்று எழுதிவிடலாம் என்றே தோன்றியது.

சும்மாதான் கேட்டேன்: "சிஸ்டர், அந்த வயல்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"கொஞ்சம் இருங்க மேடம், டார்ச் அடிச்சுக்கறேன்."

அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா தானாகவே படத்தைப் பிரகாசமாக்கிக்கொள்ளும். நோயாளிகள் தூங்கட்டும் என்று அங்கே 10 மணிக்கே பெரிய லைட்டுகளை அணைத்துவிடுகிறார்கள். நான் மாடியில் உட்கார்ந்து பார்த்த வார்டு வேறு, அவர் நின்ற வார்டு வேறு.

சத்தத்திலும் இதே கதைதான். பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று பல வீடியோ கால் செயலிகள் பின்னணி ஓசையை வடிகட்டிவிடுகின்றன. மானிட்டர் அலாரம், பழைய ஃபேன், "சிஸ்டர்... சிஸ்டர்..." என்ற கூப்பாடு எல்லாம் அமுங்கிப்போகும். அமைதியான வார்டு என்று நினைத்துக்கொள்வோம்.

அதனால் இப்போது காட்டச் சொல்வதோடு விடுவதில்லை. போனை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு, மருந்து எடுக்கும் வேலையை நிஜமாகவே செய்யச் சொல்கிறேன். லேபிளை அவர் கண்ணால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நடுவில் யார், எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று அவரையே எண்ணச் சொல்கிறேன். நோயாளி முகம் படத்தில் வரக்கூடாது. பதிவும் செய்வதில்லை. ஒரு வீடியோ நிர்வாகத்தின் கைக்குப் போனால் போதும், அடுத்த முறை எனக்குக் காட்டப்படுவது நாடகம்தான்.

போனில் அளவு சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றாகவே விழும். பதினஞ்சு, அம்பது என்றால் குழப்பமே இல்லை. தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர், தளி பக்கம் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கான மருந்து வீட்டுக்கே வரும் காலம். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 40க்கு 40, 100க்கு 100. கடையில் வேறு சிரிஞ்சு கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வாங்காதீர்கள்.

சரி, அந்த மருத்துவமனைக்கு வருகிறேன். 100 வயலும் ஆரஞ்சு சிரிஞ்சும் ஒரு டப்பாவில், 40 வயலைத் தனியாக வைத்துச் சிவப்பு சிரிஞ்சோடு வேறு டப்பாவில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு சின்ன லைட். இதெல்லாம் போனிலேயே முடிவானது. லைட்டை எங்கே மாட்டுவது என்று பார்க்க மட்டும் பஸ் பிடித்துப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரில் இடித்துப் பாதியில் நின்றது. சிஸ்டர் உடம்பைச் சாய்த்து, உள்ளே பார்க்காமலே கையை விட்டு வயலை எடுத்தார். நான்கு வீடியோ காலில் ஒரு தடவையும் இது என் கண்ணில் படவில்லை.

"ஆறு மாசமா இப்படித்தான் மேடம். பழகிடுச்சு" என்றார்.

சிலிண்டரை இரண்டடி நகர்த்தினோம்.