கட்டளைவரி

ஒரு வரியில் கட்டளையைத் தட்டச்சு செய்து, கணினியின் மறுமொழியையும் எழுத்தாகவே பெறுகிற முறைக்குக் கட்டளைவரி என்று பெயர்; பேச்சில் 'கமாண்ட் லைன்' என்பார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் நம்மவர்கள் கடைக்கோ பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ, பிற கணினிகளுக்குச் சேவை தரும் சர்வர் அமைக்கும்போது, 'டெஸ்க்டாப்போடு போடலாமா, கமாண்ட் லைன் மட்டும் போதுமா' என்ற கேள்வியில்தான் இச்சொல் பெரும்பாலும் காதில் விழுகிறது. இங்கே டெஸ்க்டாப் என்பது சாளரங்களும் படக்குறிகளும் கொண்டு மவுஸால் இயக்கும் திரை.

கணினித் திரை பரவலாகாத 1960களில், தொலைதட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரியை அடித்து அனுப்பினால், விடை காகிதச் சுருளில் அச்சாகி வந்தது. அந்த வரியே 'லைன்'. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இம்முறையில் வளர்ந்தது. தொலைதட்டச்சைக் குறிக்கும் 'டிடிஒய்' என்ற சுருக்கம் இன்றைய லினக்ஸ் இயங்குதளத்திலும் முனையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. சாளரமும் படக்குறியும் மவுஸும் கொண்ட திரை, செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973இல் உருவாக்கிய ஆல்டோ கணினியில் தெளிவான வடிவம் பெற்று, 1984இல் வந்த மெக்கின்டாஷ் வழியாக மக்களிடம் பரவியது. அதை வரைகலை இடைமுகம் என்கிறோம். 'இன்டர்ஃபேஸ்' என்பது 19ஆம் நூற்றாண்டு இயற்பியலில் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பைக் குறித்த சொல். அதற்குத் தமிழில் இடைமுகம் என்றும், மலையாளத்தில் சம்பர்க்கமுகம் என்றும் இரு மொழியினரும் முகத்தை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

தமிழ்ச் சொற்களின் பொருத்தம் இன்னும் ஆழமானது. வரி, வரை இரண்டும் எழுதுதலையும் ஓவியம் தீட்டுதலையும் குறிக்கும் உறவுச் சொற்கள். மலையாளத்தில் வரைவதற்கு 'வரய்க்குக' என்றும், பாட்டின் அடிக்கும் ஆட்கள் நிற்கும் வரிசைக்கும் 'வரி' என்றும் நாள்தோறும் கேட்கும் எல்லைப்புறத் தமிழருக்கு இந்த உறவை விளக்க வேண்டியதே இல்லை. 'கட்டளை' என்ற சொல்லில் ஆணை மட்டுமல்லாமல், திட்டமான அளவு என்ற பொருளும் இருக்கிறது. கட்டளைக் கலித்துறையில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால், ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்று கணக்கு உண்டு. ஓர் எழுத்து மிகுந்தாலும் யாப்பு கெடும். கணினிக்கு இடும் கட்டளையிலும் ஓர் இடைவெளி தவறினால் பொருள் மாறிவிடும். ஆகவே 'கட்டளைவரி' வெறும் மொழிபெயர்ப்பாக நில்லாமல் அந்த வேலையின் இயல்பையே சொல்லிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். சர்வருக்குச் சேவையகம், வழங்கி என இரு சொற்கள் வழங்குகின்றன. சர்வர் என்பது பொறியை மட்டுமன்றி மென்பொருளையும் குறிப்பதால், இடத்தை நினைவூட்டும் 'அகம்' இல்லாத வழங்கியையே நான் தேர்வேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். மனிதன் எதிரே அமரும் பொறிக்கு முகம் வேண்டும்; வழங்கியின் எதிரே பெரும்பாலும் எவரும் அமர்வதில்லை, பிற கணினிகளே வலைவழியாக அதை அணுகுகின்றன. டெஸ்க்டாப்பை நிறுவினால் அது நினைவகத்தையும் வட்டு இடத்தையும் எடுத்துக்கொள்வதோடு, புதுப்பிக்க வேண்டிய மென்பொருள்களும், ஊடுருவக்கூடிய வழிகளும் கூடவே பெருகுகின்றன. கட்டளைவரியில் செய்த வேலையை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அதையே பத்து வழங்கிகளில் மாறாமல் திரும்பச் செய்யலாம். தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க 1995இல் உருவான எஸ்.எஸ்.எச். வழியாக வெறும் எழுத்துகளே போய் வருவதால், இணைப்பு மெதுவாக உள்ள மலையடிவார ஊரிலிருந்தும் வேலை நடக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் சர்வர் பதிப்பு டெஸ்க்டாப் இல்லாமலே வருவதற்கும், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2008இல் 'சர்வர் கோர்' என்ற சுருங்கிய வடிவத்தைச் சேர்த்ததற்கும் இத்தகைய காரணங்களே அடிப்படை.

வரைகலை வீண் என்று இதற்குப் பொருளாகாது. சுமையின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பார்ப்பதற்கும், ஆண்டுக்கொரு முறை மட்டுமே செய்யும் அமைப்பு வேலைக்கும் அது பெரிதும் உதவும். ஆனால் அந்த முகம் நிர்வாகியின் கணினியில் இருந்தால் போதும்: லினக்ஸில் காக்பிட், விண்டோஸில் அட்மின் சென்டர் ஆகியவை உலாவி வழியாகவே அந்த வசதியைத் தருகின்றன. வாங்கிய கணக்கு மென்பொருள் டெஸ்க்டாப் இல்லாமல் இயங்காது என்றால் மட்டும், தயங்காமல் அதோடு நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வர் 2012இல் டெஸ்க்டாப்பைப் பின்னர் சேர்க்கவும் நீக்கவும் வழி இருந்தது. 2016 பதிப்பிலிருந்து அதை மாற்ற வேண்டுமானால் முழுவதும் மறுபடி நிறுவியாக வேண்டும் என்பதால், அந்த மென்பொருளின் தேவையை முதலில் விசாரித்துவிட்டே நிறுவலைத் தொடங்க வேண்டும்.