லினக்ஸ் திறக்கவில்லை என்றதும் பார்மேட் போடாதீர்கள்

போன மாதம் ஒரு மாணவி அம்மாவோடு கடைக்கு வந்தாள். இன்ஜினியரிங் கடைசி வருடம், தினமும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவள். "அண்ணா, விண்டோஸ் நல்லா வருதுங்க. உபுண்டுவத்தான் காணோம்" என்றாள்.

உபுண்டு ஒரு வகை லினக்ஸ், அதை அவள் விண்டோஸுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். விசாரித்தால், அந்த லினக்ஸ் திறக்கவில்லை என்று வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பார்மேட் போட்டு விண்டோஸை ஏற்றித் திருப்பித் தந்திருக்கிறார்கள். நான்கு மாத புராஜெக்ட் உபுண்டுவுக்குள் இருந்தது. வீடு மாறும்போது சட்டி பானை வரைக்கும் வண்டியில் ஏற்றிவிட்டு, நெல் இருந்த பத்தாயத்தை விட்டு வந்த மாதிரி. லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி. பார்மேட் ஆன எஸ்எஸ்டியிலிருந்து பழைய பைலை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அம்மாதான் முதலில் புரிந்துகொண்டு, "விடு சாமி, மறுபடி பண்ணிக்கலாம்" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தமிழக-கேரள எல்லைப் பக்கம் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். சர்வீஸ் பார்க்கிற எங்களில் பலருக்கு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவதில்லை.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தருகிற வசதியின் பெயர் டபிள்யூஎஸ்எல். 2016-ல் வந்த முதல் டபிள்யூஎஸ்எல்லில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கிடையாது. லினக்ஸ் புரோகிராம் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிற ஏற்பாடுதான் அது. 2020-ல் விண்டோஸ் 10-ன் 2004 பதிப்போடு பரவலாக வந்த இரண்டாவது டபிள்யூஎஸ்எல்லில் உண்மையான கெர்னல், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் மாதிரியான ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகிறது. அதன் முழு டிஸ்க்கும் விண்டோஸ் பக்கத்தில் ஒரே ஒரு பைல். அதன் நீட்சிப் பெயர் விஹெச்டிஎக்ஸ். யூசர் போல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில் இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. பைல் எக்ஸ்புளோரரின் இடது பக்கம் கீழே பென்குயின் படம் தெரிந்தால், அந்த மெஷினில் லினக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் கடைக்காரர்களே, பார்மேட் போடுமுன் அந்தப் பென்குயினைத் தேடுங்கள். லினக்ஸ் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, விஹெச்டிஎக்ஸ் பைலை வெளி டிஸ்க்குக்கு எடுத்தால் போதும். பிறகு இம்போர்ட் செய்து எழுப்பிவிடலாம்.

சரி, ஏன் திறக்காமல் போகிறது? நான் பார்த்தவரை, பெரும்பாலும் கோளாறு லினக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது.

வேலந்தாவளத்துப் பக்கம் ஒரு வீட்டில் பழைய டெஸ்க்டாப். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் போய் வந்த அன்றெல்லாம் 80370102 என்று முடிகிற பிழை எண்ணைக் காட்டிவிட்டு உபுண்டு நின்றுவிடும். வீட்டுக்காரர் மூன்று தடவை உபுண்டுவை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். நான் போனபோது திரையின் மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. விஷயம் அங்கேயே பாதி புரிந்துவிட்டது. மதர்போர்டில் இருக்கிற 3 வோல்ட் வட்ட பேட்டரி, அந்த 2032, செத்துப் போயிருந்தது. பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் தன் செட்டிங்கை ஞாபகம் வைத்திருக்கும். கரண்ட் போனால் இந்த மாதிரிப் பழைய போர்டுகள் எல்லாவற்றையும் மறந்து, விர்ச்சுவல் மெஷினை ஓட்டத் தேவையான சிபியு வசதியான விர்ச்சுவலைசேஷனையும் அணைத்துவிடும். அது அணைந்தால் இரண்டாவது டபிள்யூஎஸ்எல் எழாது. ஒரு சின்ன பேட்டரியை மாற்றி, பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ததோடு வேலை முடிந்தது.

அந்த எண் வந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியுவைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் பீச்சர்ஸ் பட்டியலில் 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்ம்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் பயாஸைத் தொடுமுன் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும். சில மெஷின்கள் செட்டிங் மாறியதும் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

சி டிரைவ் நிரம்பினாலும் லினக்ஸ் தடுமாறும். அந்த விஹெச்டிஎக்ஸ் பைல் வளரும், ஆனால் உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. எதையும் எழுத முடியவில்லை, 'ரீட் ஒன்லி' என்று வந்தால், முதலில் பைலை நகல் எடுங்கள். ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

இன்னொன்று, டபிள்யூஎஸ்எல்லின் 'அன்ரெஜிஸ்டர்' கட்டளை. பிரச்சினையைத் தேடினால் இணையத்தில் இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிறார்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ பதிவை நீக்குகிற மாதிரி தெரியும். அது டிஸ்க்கையே அழித்துவிடும், நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்காது. முதலில் டபிள்யூஎஸ்எல்லின் 'ஷட்டவுன்' கட்டளை கொடுங்கள் (விண்டோஸை அணைப்பது அல்ல), பத்து விநாடி பொறுத்துத் திறந்து பாருங்கள். அதன் பிறகு 'அப்டேட்'. பாதிக் கேஸ் அதிலேயே சரியாகிவிடுகிறது.

நெட் பிரச்சினை வேறு மாதிரி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கிற விபிஎன்னைப் போட்டதும் விண்டோஸில் எல்லாம் வருகிறது, லினக்ஸில் மட்டும் வரவில்லை. லினக்ஸிலிருந்து கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் கொடுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வராவிட்டால் பழுது, பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸில். விண்டோஸ் 11-ல் 22ஹெச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், டபிள்யூஎஸ்எல் கான்பிக் பைலில் டிஎன்எஸ் டனலிங் (பெயர் தேடுவதை விண்டோஸ் வழியாகவே அனுப்புகிற வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்த்து ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் டிஎன்எஸ் முகவரி இருக்கிற ரிசால்வ் கான்பிக் பைலை டபிள்யூஎஸ்எல் தானாக எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆபீஸ் தந்த டிஎன்எஸ் முகவரியை நாமே எழுத வேண்டும். ஆபீஸ் ஐடி பிரிவிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

பெயரும் கிடைக்கிறது, சின்னப் பக்கங்களும் வருகின்றன, கிட் குளோன் (புராஜெக்ட் கோடை மொத்தமாக இறக்குவது) மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியுவைச் சந்தேகியுங்கள், ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்கிற அளவு அது. ஈதர்நெட்டில் வழக்கமாக ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். விபிஎன் தன் உறையையும் சுற்றுவதால் அவ்வளவு பெரியது உள்ளே போகாது. 1472 பைட்டோடு, துண்டாக்கக் கூடாது என்று சொல்லிப் பிங் கொடுத்தால் தெரிந்துவிடும், தலைப்புக்கான 28 பைட் சேர்ந்து 1500 ஆகிவிடும். அது தோற்று, சின்னது மட்டும் போனால் லினக்ஸ் பக்கம் எம்டியுவை 1400 ஆக்குங்கள்.

லேப்டாப்பை மூடி வைத்துத் திறந்த பிறகு உபுண்டுவுக்குள் அப்டேட் வர மறுத்து, பைல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால், அது நெட் கோளாறே இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்த லினக்ஸின் கடிகாரம் பின்தங்கியிருக்கும். ஷட்டவுன் கொடுத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

அந்த மாணவி புராஜெக்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் 'எக்ஸ்போர்ட்' கட்டளை கொடுத்து, மொத்த உபுண்டுவையும் பென் டிரைவில் போட்டுவிடுகிறாளாம். முதல் வாரம் காப்பி பாதியில் நின்று, போன் செய்தாள். பென் டிரைவ் பேட் 32 என்கிற பழைய பார்மேட்டில் இருந்தது, 4 ஜிபிக்கு மேல் ஒரு பைலை அது ஏற்காது. எக்ஸ்பேட்டுக்கு மாற்றச் சொன்னேன், இப்போது போகிறது.