எர்த் கம்பியை நீட்டலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மீட்டர் பெட்டியைப் பின்சுவரிலிருந்து வாசல் பக்கம் மாற்றுகிறோம். எர்த் குழி பின்னால் கிணற்றடியில் இருக்கிறது. கம்பியை நீட்டினால் போதுமா, புதுக்குழி தோண்டணுமா?"

நீட்டினால் போதும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 15 மீட்டர் கூடினால், ஏறும் மின்தடை சுமார் 0.07 ஓம்தான். குழியைச் சுற்றியுள்ள மண்ணின் தடையோ பல ஓம். விஷயமே அந்த மண்ணில்தான் இருக்கிறது.

சாதாரண மண், செம்பைவிடப் பல நூறு கோடி மடங்கு மோசமான கடத்தி. அப்புறம் எப்படி மின்சாரம் அதில் இறங்குகிறது? கொட்டாங்கச்சி அளவில், 6 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கிண்ணம் ஒன்றை விளிம்புவரை மண்ணில் புதைத்ததாக வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள மண்ணை வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பாருங்கள். ஆரம் இரட்டித்தால் அடுக்கின் பரப்பு நான்கு மடங்காகும். பாதை அகல அகலத் தடை சரசரவென்று குறைகிறது. கணக்குப் போட்டால், மொத்தத் தடையில் பாதி கிண்ணத்தை ஒட்டிய 6 செ.மீ. மண்ணிலேயே முடிந்துவிடும். மையத்திலிருந்து 60 செ.மீ.க்குள் 90 சதவீதம். மீதி பூமி மொத்தமும் சேர்ந்தே 10 சதவீதம்தான்! எத்தனை தடவை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

எர்த் குழியில் புதைத்த குழாயை ஒட்டிக் கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். அதில் சடங்கு எதுவும் இல்லை. அந்த ஒரு சாண் மண் ஈரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீட்டும்போது பயப்பட வேண்டியது ஒட்டுக்குத்தான். பழைய ஜிஐ கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) செம்பை முறுக்கி டேப் சுற்றினால், ஈரம் பட்டுத் துத்தநாகம் அரித்துப்போகும். சில வருடங்களில் அந்த இடம் வெள்ளைப் பொடியாக உதிரும். முடிந்தால் குழியிலிருந்து புதுப் பெட்டிவரை ஒட்டில்லாமல் ஒரே கம்பியாக இழுக்கச் சொல்லுங்கள். ஒட்டு தவிர்க்க முடியாவிட்டால், வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) போல்ட் நட்டும் வேண்டும், கண்ணில் படும் இடத்தில்.

இன்னொன்று. கிரைண்டருக்குள் மின்கம்பி அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். குழியின் தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் எர்த் வழியே கசிவது 23 ஆம்பியர். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்தான் எம்சிபி; 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழாது. கிரைண்டர் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். ஆயுத பூஜைக்கு மீட்டர் பெட்டிக்குப் பொட்டு வைக்காத வீடு குறைவு. ஆர்சிசிபி மாட்டாத வீடுகள்தான் என்னைக் கலங்க வைக்கின்றன. பெட்டியை மாற்றும் அன்றே அதையும் மாட்டிவிடுங்கள்.