றங்குப்பெட்டிக்குள் உதிர்ந்த தாள்

வன்னியில் உள்ள துணுக்காயில் பெரியப்பாவின் வீட்டை ஒதுக்கப் போனபோது, சாமியறை மூலையில் தறப்பாள் சுற்றிய றங்குப்பெட்டி ஒன்று கிடந்தது. இடம்பெயரும்போது வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், ஊர் திரும்பியதும் அவர் கிண்டி எடுத்த பெட்டி. மூடியைத் திறந்ததும் வனிலாவும் வினாகிரியும் கலந்தது போல ஒரு மணம் வந்தது.

மேலே இருந்தது எச். பார்க்கர் பழைய இலங்கையைப் பற்றி எழுதி, 1909இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கில நூல். பார்க்கர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். குளக்கட்டுகளையும் தண்ணீர் திறந்துவிடும் துருசுகளையும் அளந்து அளந்து எழுதியவர். எங்கள் வவுனிக்குளமும் அந்த நூலில் வருகிறது. அதற்குக் கீழே எழுபதுகளில் அச்சான தமிழ் வரலாற்றுச் சிறுநூல்கள் சில. அடியில் பெரியப்பாவின் கைப்பட எழுதிய கொப்பி ஒன்று.

நூறு ஆண்டுக்கு மேல் போன பார்க்கரின் தாள் ஓரம் பழுத்திருந்தாலும் புரட்டினால் வளைந்து கொடுத்தது. அதன் வயதில் பாதிகூட இல்லாத சிறுநூல் பொரித்த அப்பளம் போலக் கையிலேயே நொருங்கியது. ஒரே பெட்டி, ஒரே மண், ஒரே மழை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தாள் என்பது செலுலோசு நார்களின் பின்னல். குளுக்கோசு அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிதான் செலுலோசு. அது நீளமாக இருக்கும் வரை தாளை மடிக்கலாம், விரிக்கலாம். ஈரப்பதத்தோடு அமிலமும் சேர்ந்தால் சங்கிலி இடையிடையே அறுபடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. அமிலமோ செலவாவதே இல்லை. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. தாள் சிதையும்போது அசற்றிக் அமிலம், போமிக் அமிலம் போன்றவையும் புதிதாகப் பிறக்கின்றன. ஆகவே தாள் பழுக்கப் பழுக்க, பழுக்கும் வேகமும் கூடுகிறது. சங்கிலியின் நீளம் சில நூறு அலகுகளாகக் குறுகியதும் மடித்த இடத்திலேயே முறிகிறது.

இந்த அமிலத்தின் பெரும்பங்கு தாளைச் செய்தபோதே அதற்குள் போனது. முன்னர் ஐரோப்பாவில் பருத்தி, சணல் கந்தல்களை அரைத்துத் தாள் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்தகத்தின் தேவை பெருகியதும் மரக்கூழுக்கு மாறினார்கள். மை ஊறிப் பரவாதிருக்க பைன் பிசினையும் படிகார இனத்தைச் சேர்ந்த அலுமினியம் சல்பேற்றையும் கூழோடு சேர்த்தார்கள். ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டும் உப்பு அது. மலிவான தாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரத்தைச் சும்மா அரைத்தெடுத்த கூழில் இலிக்னின் அப்படியே தங்கிவிடும். மரத்தை விறைப்பாக நிறுத்தும் பொருள் அது. காற்றும் வெளிச்சமும் பட்டால் ஒட்சியேறி மஞ்சளாகி, பிறகு மண்ணிறமாகும். மரத்தை இரசாயன முறையில் அவித்து இலிக்னினை நீக்கிய கூழில் செய்த தாள் அவ்வளவு சீக்கிரம் பழுக்காது. சிறுநூலின் தாள் செய்தித்தாள் வகை. பெட்டியைத் திறந்ததும் வந்த வனிலா மணத்துக்கும் இலிக்னின்தான் காரணம்: அது சிதையும்போது வெளிவரும் வனிலின், வனிலாக் காயின் மணத்தைத் தரும் அதே பொருள். வினாகிரி நெடி அசற்றிக் அமிலத்தினது.

தறப்பாளும் பொலித்தீனும் பெட்டியைக் கறையானிடமிருந்தும் மாரி வெள்ளத்திடமிருந்தும் காத்தன. அதற்காக அவற்றைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் உள்ளே இருந்த ஈரமும் அமில ஆவியும் வெளியே போக வழியில்லாமல், ஒரு புத்தகத்தின் நோய் அடுத்ததைத் தொற்றிவிட்டது. வன்னியின் வெக்கையும் சேர்ந்துகொண்டது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இப்படியான தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகும். இலண்டன் அலுமாரியில் நூறு ஆண்டில் ஆகும் பழுது இங்கே மிகச் சீக்கிரம் வந்துவிடும்.

அமிலம் நடந்து போன தடத்தையும் கண்ணால் கண்டேன். பார்க்கரின் நூலுக்குள் பெரியப்பா ஒரு செய்தித்தாள் துண்டை மடித்து வைத்திருந்தார். துண்டை எடுத்தேன். அது இருந்த இரண்டு பக்கங்களிலும் அதே நீளத்தில், அதே அகலத்தில், தேத்தண்ணி நிறத்தில் ஒரு நீள்சதுரம். மடிப்புக் கோடுகூடத் தெரிந்தது. துண்டில் இருந்த அமிலம் நல்ல தாளுக்குள் இறங்கியிருக்கிறது. ஆகவே இப்படிப் பெட்டி கிடைத்தால் முதலில் செய்தித்தாள் துண்டுகளைப் பிரித்தெடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துவையுங்கள். இராமபாணப் பூச்சி ஒட்டுப்பசையைத் தின்னத்தான் வரும், மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டவே வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறி அழியாத கறையாகிவிடும். நூலகங்களில் கல்சியம், மக்னீசியம் சேர்ந்த காரப்பொருட்களைத் தாளுக்குள் ஏற்றி அமிலத்தை நடுநிலையாக்குகிறார்கள். வீட்டில் எங்களால் முடிந்தது, தாள் முற்றாக உதிர முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியால் படமெடுப்பது. நான் அன்று பின்னேரம் முழுக்க அதைத்தான் செய்தேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த இனம் நாங்கள். உதிர்கிற ஒரு பக்கத்தையும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகக் கொப்பியை எடுத்தேன். அந்தக் காலக் கொப்பிகள் பலவற்றுக்குத் தாள் வந்தது 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையிலிருந்து. அங்கே வைக்கோலையும் கூழாக்கினார்கள். வைக்கோல் நார் குட்டை. சங்கிலி அறுபடத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க நீண்ட நாரின் பின்னலும் இல்லை. கொப்பி அப்படித்தான் இருந்தது: விளிம்புகள் கொட்டிப்போய், நடு மட்டும் மிஞ்சி.

பெரியப்பா நீல மையால் எழுதியதெல்லாம் ஈரத்தில் பரவி, வெறும் நீலப் புகையாகியிருந்தது. இடையே சில பக்கங்களில் பென்சிலைப் பிடித்திருக்கிறார். பழைய செங்கற்களின் அளவைக் கொண்டு கட்டடத்தின் காலத்தை ஆராய்ந்தவர் பார்க்கர். பெரியப்பாவும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் கிடந்த கற்களை அளந்திருக்கிறார். நீளம், அகலம், தடிப்பு என மூன்று நிரல்கள். பென்சில் எழுத்து காரீயம், அதாவது காபன். அமிலம் அதைத் தொடாது, நீர் கரைக்காது, வெளிச்சம் வெளிறச் செய்யாது. எழுத்தாணியால் கீறிய ஏட்டில் எங்கள் முன்னோர் தேய்த்த விளக்குக் கரியும் இதே காபன்தான்.

தாளைச் சுற்றிலும் தொட்டால் உதிர்கிறது. நடுவில் அந்த மூன்று நிரல்களும் நேற்று எழுதியது போல, அங்குலமும் அங்குலத்தின் அரைக்காலும் பிசகாமல் நிற்கின்றன.