லக்சரி கார்னா ஆடம்பரக் காரா? சொகுசு, நயம், நடுவுல ஒரு பேய்

போன மாசம் காரைக்குடில சித்தப்பா வீட்டுத் திண்ணைல உக்காந்திருக்கேன், தம்பி மகன் போன்ல ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பத்தி ஒரு வீடியோவை ஓடவிட்டான். தமிழ்லதான் பேசுறாங்க. எடுத்த எடுப்புலயே "உலகின் தலைசிறந்த ஆடம்பர மகிழுந்து"ன்னாங்க. சரி போகட்டும்னு விட்டேன். கொஞ்ச நேரத்துல "வெள்ளிப் பேய்"னு ஒண்ணு வந்துச்சு, அப்புறம் கார் மூக்குல நிக்கிற அந்தச் சிலைக்கு, இங்கிலீஷ்ல ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசிங்கிறாங்களே அதுக்கு, "பரவசத்தின் ஆவி"ன்னாங்க. உள்ள மாவு பெசஞ்சுக்கிட்டிருந்த சித்தி எந்திரிச்சு வந்து "பட்டப்பகல்ல புள்ளைக்கு எதுக்குடா பேய்ப்படம் போட்டுக் காட்டுறீங்க"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. கேக்குறவங்களுக்கு அப்படித்தான் புரியும், அப்படித்தான் மொழிபெயர்த்து வச்சிருக்காங்க.

பேயை அப்புறம் பாப்போம். எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது "ஆடம்பரக் கார்"தான். டிவில வருது, விளம்பரத்துல வருது, கார் கம்பெனிக்காரங்க தமிழ்ல போடுற நோட்டீஸ்லயே வருது. விக்கிறவனே தன் சரக்கைத் திட்டுற மாதிரி இருக்குன்னு ஒருத்தருக்குமா தோணல?

மொதல்ல லக்சரிங்கிற சொல்லு. லத்தீன்ல லுக்சுரியான்னா அளவுக்கு மிஞ்சினது, கட்டுப்பாடில்லாம தழைச்சது. கிறிஸ்தவங்க சொல்ற ஏழு கொடும் பாவத்துல ஒண்ணுக்கு, அதாவது காமத்துக்கு, இதுதான் பேரு. இங்கிலீஷுக்கு 14ஆம் நூற்றாண்டுல வந்தப்பவும் காமம்னுதான் அர்த்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாறி, விலை உசந்த, உடம்புக்கு இதமான பொருள்னு ஆயிருச்சு. சொல்லோட கதை அவ்வளவுதான். இன்னைக்கு லக்சரின்னு சொல்றவங்க யாரும் பாவத்தை நெனச்சுச் சொல்றதில்ல, அதனால மொழிபெயர்க்கிறவங்களும் இன்னைக்கு இருக்கிற அர்த்தத்தைத்தான் புடிக்கணும்.

இப்ப ஆடம்பரத்துக்கு வருவோம். இது சமஸ்கிருதச் சொல்லு, அங்க இதுக்கு மொத அர்த்தம் என்ன தெரியுமா, ஒரு வகை முரசு. அப்புறம் முரசுச் சத்தம், பெரிய இரைச்சல், யானை பிளிறுறது, அதுலேருந்து சத்தமாப் பேசி வீம்பு காட்டுறது, கடைசியாத்தான் நமக்குத் தெரிஞ்ச ஆடம்பரம். அடியில கெடக்கிறது கொட்டு முழக்கம். தமிழ்லயும் இது நல்ல வார்த்தையா என்னைக்கும் இருந்ததில்ல, "ஆடம்பரமாச் செலவு பண்ணாத"ன்னுதான் வீட்ல சொல்லுவாங்க, "ஆடம்பரமா உக்காரு"ன்னு யாரும் சொன்னதில்ல.

அந்தச் சொல்லைக் கொண்டுபோய் எந்தக் கார் மேல வைக்கிறாங்கன்னு பாருங்க.

ஹென்றி ராய்ஸ் ஒரு மாவுமில்லுக்காரர் மகன், அப்பா நொடிச்சுப்போயி சின்ன வயசுலயே பேப்பர் போட்டு, தந்தி கொண்டுபோய்க் கொடுத்துப் பொழச்சவரு, பின்னாடி மான்செஸ்டர்ல மின்சாரச் சாமான் செய்யிற தொழில் வச்சாரு. பழைய பிரெஞ்சுக் கார் ஒண்ணு வாங்குனாரு, அதோட இரைச்சலும் குலுக்கலும் ஒத்துவரல, நானே செய்யிறேன்னு எறங்கி 1904 ஏப்ரல் 1ஆம் தேதி தன் மொத காரை ஓட்டிட்டாரு. அடுத்த மாசம் 4ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லேண்ட் ஹோட்டல்ல சார்லஸ் ரோல்ஸைப் பாக்குறாரு. இவரு பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டன்ல கார் வியாபாரம். நீ செய்யிற காரையெல்லாம் நான் வித்துத் தர்றேன்னு பேச்சு முடிஞ்சுது. 1906ல கம்பெனி.

அடுத்த வருசம் வெள்ளி கலர் அடிச்சு ஒரு வண்டிய வெளிய விடுறாங்க. கம்பெனிய நடத்துன கிளாட் ஜான்சன் அதுக்கு வச்ச பேருதான் சில்வர் கோஸ்ட். ஏன் கோஸ்ட்? வர்றதும் தெரியல, போறதும் தெரியல, அவ்வளவு அரவமில்லாம ஓடுது, அதுக்காக. அதை 15,000 மைல் ஓட்டிப் பாத்தாங்க. 629வது மைல்ல பெட்ரோல் திருகு குலுக்கல்ல தானா மூடிக்கிட்டு வண்டி நின்னுச்சு, அதுக்கப்புறம் மிச்சம் 14,371 மைலும் கோளாறுன்னு எங்கயும் நிக்கல. அந்தக் காலத்து ரோட்ல, அந்தக் காலத்து டயர்ல. 1958ல டேவிட் ஓகில்விங்கிற விளம்பரக்காரர் அமெரிக்காவுல இதே கம்பெனியோட புதுக் காருக்கு எழுதுன விளம்பரம் இன்னைக்கும் பேசப்படுது, அதுலயும் சொன்ன விசயம் சத்தமில்லாததுதான்: அறுபது மைல் வேகத்துல போறப்பக்கூட உள்ள கேக்குற பெரிய சத்தம் கடிகாரத்துதுன்னு. 2020ல வந்த கோஸ்ட்ல சத்தத்தை அடக்குறதுக்கு மட்டும் 100 கிலோவுக்கு மேல சாமான் வச்சாங்க, வச்சதுல உள்ள ஒரேடியா அமைதியாகி மனுசனுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுன்னு, அவங்களே லேசா ஒரு முணுமுணுப்பு கேக்குற மாதிரி திரும்பச் சேத்தாங்க.

நூறு வருசத்துக்கு மேல ஒரு கம்பெனி சத்தத்தைக் கொல்றதையே பொழப்பா வச்சிருக்கு, நாம அதுக்கு முரசுன்னு பேரு வைக்கிறோம்.

இதுக்கு ஒரு பதில் வரும்னு தெரியும், வேர் அர்த்தமெல்லாம் யாரு பாக்குறா, இன்னைக்கு ஆடம்பரம்னா பெருசா செலவு பண்றதுதானேன்னு. சரி, வேரை விட்டுருவோம், இன்னைக்குப் புழக்கத்தையே எடுத்துக்குவோம். நம்ம பக்கம் கல்யாணத்துல சாமான் பரப்புவாங்களே, வெள்ளி, பித்தளை, எவர்சில்வர்னு வளவு முழுக்க வரிசையா, வந்தவங்க பாக்கணும்னு. அதை ஒருத்தர் ஆடம்பரம்னு சொன்னா எனக்குச் சண்டையில்ல, ஏன்னா அது பாக்குறவங்க கண்ணுக்காக வச்சது. ஆனா அதே வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்க. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்னு சேத்துப் பூசி, பூசிப் பூசித் தேய்ச்சு பளிங்கு மாதிரி ஆக்கி வச்சிருப்பாங்க, சித்திரை வெயில்ல முதுகைச் சாச்சா ஜில்லுனு இருக்கும். கீழ ஆத்தங்குடிக் கல்லு, செருப்பில்லாம நடந்தாத்தான் அதோட அருமை தெரியும். அந்தச் சுவரை ஆடம்பரம்னு எப்படிச் சொல்றது? அது உள்ள இருக்கிறவங்க உடம்புக்குச் செஞ்சது, அதுக்கு நம்மகிட்ட தெளிவா ஒரு சொல்லு இருக்கு, சொகுசு.

ரோல்ஸ் ராய்ஸ்ல காட்டுறதுக்குன்னு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு, நான் மறுக்கல. கோயில் தூண் மாதிரி அந்த முன்பக்க கிரில், மேல அந்தச் சிலை, சக்கரம் சுத்துனாலும் நடுவுல இருக்கிற ரெண்டு எழுத்து மட்டும் சுத்தாம நேரா நிக்கிறது, இதெல்லாம் தெருவுல நிக்கிறவனுக்குத்தான். அதைப் பாத்து ஒருத்தர் "என்ன ஆடம்பரம்"னு சொல்லலாம், அது அவரோட தீர்ப்பு. ஆனா அந்த வகை காருக்கே அதுதான் பேருன்னு எழுதுறது தப்பு. 2021ல ஒரு நடிகரோட ரோல்ஸ் ராய்ஸுக்கு நுழைவு வரி வழக்கு வந்தப்ப ஊரெல்லாம் பேச்சா இருந்துச்சே, அப்ப டீக்கடைல எல்லாரும் சொகுசு காருன்னுதான் பேசுனாங்க. மக்கள் வாயில சரியான சொல்லு இருக்கு, மொழிபெயர்ப்பாளர் கையிலதான் அது இல்ல.

இப்ப தனித்தமிழ் நண்பர்கள். ஆடம்பரம் வடசொல், வேணாங்கிறாங்க, அதுல எனக்கு முழு சம்மதம். ஆனா அதுக்குப் பதிலா "பகட்டு மகிழுந்து"ன்னு எழுதுறாங்களே, அங்கதான் இடிக்குது. பகட்டுன்னா வெளிமினுக்கு, ஏமாத்துற பளபளப்பு. ஆடம்பரமாவது சத்தம், பகட்டு நேரா பொய். தமிழ்ச் சொல்லா இருந்தாப் போதுமா, பொருள் வேணாமா? இந்த வரிசையில எதை எடுத்தாலும் இதே கதைதான், டாம்பீகம்னா அடியில வஞ்சகம், படாடோபம்னா பாம்பு படம் விரிக்கிறது, ஒய்யாரம்னா உடனே கொண்டையும் ஈரும் பேனும் ஞாபகம் வருது. பணத்தைக் காட்டுறவனைத் திட்டுறதுக்கு நம்ம ஆளுங்க எத்தனை சொல்லு வச்சிருக்காங்கன்னு பாக்கவே சந்தோசமா இருக்கு, ஆனா அதுல ஒண்ணுகூட லக்சரிக்கு ஆகாது.

சொகுசும் தமிழ் இல்லையே, தெலுங்கு "சொகசு" தானேன்னு கேக்கலாம். ஆமா, அங்க அதுக்கு அழகு, நேர்த்தின்னு அர்த்தம், கன்னடத்துலயும் உண்டு. அக்கா தங்கச்சி வீட்டுச் சொல்லு, நம்ம வீட்டுக்கு வந்து உடம்பு சுகத்தையும் சேத்துக்கிட்டுது. இதுக்கே வேலி போட்டா அப்புறம் பேசவே முடியாது. தூய்மை வேணும், நானும் அந்தக் கட்சிதான், ஆனா தெளிவைக் குடுத்துத் தூய்மையை வாங்குறதுல எனக்கு இஷ்டமில்ல.

மகிழுந்தைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ஏன்னா அதைக் கிண்டல் பண்றவங்க ஜாஸ்தி. எங்க ஐயா பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்ல டிரைவரா இருந்தாரு, அவரு கடைசி வரைக்கும் காருன்னு சொன்னதில்ல, "பிளசர்"தான். "பிளசரை எடுத்துட்டு சிவகங்கை போனோம்"பாரு. பிளஷர் கார்ங்கிறதுல காரை உதுத்துட்டு பிளசரை மட்டும் ஊரு வச்சுக்கிட்டுது. மகிழுந்தும் அந்தப் பிளசரை மனசுல வச்சு உண்டாக்குனதாத்தான் எனக்குப் படுது, அந்த வகையில அது ஐயா பேச்சுக்குச் சொந்தக்கார சொல்லு. ஆனா மகிழுந்துலயே மகிழ்ச்சி இருக்கு, அது முன்னாடி பகட்டையும் ஆடம்பரத்தையும் கட்டி விடுறது என்ன நியாயம்? ஐயாகிட்ட ஒரு நல்ல வண்டிக்கு அடையாளம் என்னன்னு கேட்டா, "வாசல்ல கெடக்குறப்ப எஞ்சின் ஓடுதா இல்லையான்னு கையை வச்சுப் பாத்தாத்தான் தெரியணும்"பாரு. அவருக்கு ராய்ஸ் பேரும் தெரியாது, ஜான்சன் பேரும் தெரியாது.

சரி, பேய். கோஸ்ட், ஃபேன்டம், ரெய்த், இப்ப 2023லேருந்து கரண்ட்ல ஓடுற ஸ்பெக்டர், எல்லாமே அந்த ஊர்ல ஆவி, நிழல், மாயத்தோற்றம்னு வர்ற பேருதான். சத்தமில்லாம வர்றதுங்கிற ஒரே எண்ணம் இத்தனை வருசமா ஓடுது. தமிழ்ல பேய்னு சொன்னா அந்த எண்ணம் வருமா? நம்ம பேய் சத்தம் போடும், ஆடும், வேப்பிலை அடிச்சாத்தான் எறங்கும். பேய் மழை, பேய்க்காத்துன்னு சொல்றது எல்லாமே இரைச்சல்தான். நேர் எதிரா மாறிப் போச்சு பாருங்க. அது ஒரு பேரு, பேரை அப்படியே விட்டுடணும். இந்தக் கம்பெனி விசயத்துல பேரு எவ்வளவு பெரிய சொத்துன்னா, 1998ல ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு குடுத்து இங்கிலாந்துல குரூ ஊர்ல ரோல்ஸ் ராய்ஸ் செஞ்ச தொழிற்சாலையை வாங்குது, அந்தச் சிலையும் கிரில்லும்கூட அவங்களுக்குத்தான், ஆனா ரோல்ஸ் ராய்ஸ்ங்கிற பேரு மட்டும் விமான எஞ்சின் செய்யிற இன்னொரு கம்பெனி கையில இருந்துச்சு, அதை பிஎம்டபிள்யூ 4 கோடி பவுண்டுக்குத் தனியா வாங்கிட்டுப் போயிருச்சு. பேரு இல்லாம அந்தத் தொழிற்சாலை ரோல்ஸ் ராய்ஸ் செய்ய முடியாதுன்னு ஆகி, 2003லேருந்து இங்கிலாந்துலயே குட்வுட்ங்கிற இடத்துல பிஎம்டபிள்யூதான் செய்யிறாங்க. 4 கோடி பவுண்டு பேரை நாம ரெண்டே எழுத்துல பேய்ங்கிறோம்.

அந்தச் சிலையைத் தமிழ்ல சொல்லியே ஆகணும்னா ஆவி வேணாம். 1911ல சார்லஸ் சைக்ஸ் செதுக்குனது, காத்துல துணி பறக்க முன்னால சாஞ்சு நிக்கிற பொண்ணு. தமிழ்ல ஆவின்னா இட்லி வேகுறது, இல்லாட்டி செத்தவங்க. நம்மகிட்ட "அணங்கு" இருக்கு, சங்க காலத்துலேருந்து இருக்கு, பாத்தவனை நடுங்க வைக்கிற அழகும் தெய்வத்தன்மையும் சேந்த சொல்லு. களியணங்குன்னு சொல்லிப் பாருங்க, சிலை கண்ணு முன்னாடி நிக்கும்.

இன்னும் ஒண்ணு பாக்கி. லக்சரில உடம்பு சுகம் மட்டும் இல்ல, சரக்கோட தரமும் இருக்கு. கைக்கடிகாரம், பேனா, தோல் பை இதையெல்லாம் லக்சரி பொருள்ங்கிறப்ப சொகுசு பொருந்தாது, பேனாவுல என்ன சொகுசு. அதுக்கு நம்ம கடைவீதில ஒரு சொல்லு தயாரா இருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு தூணைக் காட்டுங்க, "நயம் பர்மா தேக்கு, தட்டிப் பாருங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. பலசரக்குக் கடைலயும் நயம் பருப்பு, நயம் புளி. குறள்ல "நயன்"னு வர்ற சொல்லுக்கு நெருக்கமானது, விரும்பத்தக்கதுங்கிற பொருளும் உள்ள இருக்கு. லக்சரி பொருளுக்கு "நயப்பொருள்"னு எழுதுனா கடைக்காரருக்கும் புரியும், தமிழ் வாத்தியாருக்கும் புரியும். காருக்கு சொகுசு, சரக்குக்கு நயம்.

போன வாரம் தெரிஞ்சவர் ஒருத்தர் கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடப்போறேன், போர்டுக்கு வாசகம் பாத்துச் சொல்லுங்கன்னு காகிதத்தை நீட்டுனாரு. "ஆடம்பரக் கார்கள் வாடகைக்குக் கிடைக்கும்"னு எழுதியிருந்துச்சு. அடிச்சுட்டு "சொகுசுக் கார்கள்"னு எழுதிக் குடுத்தேன். அவரு வெரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு "ரெண்டு எழுத்து கம்மியாகுதேண்ணே, பெயின்டருக்கு எழுத்துக் கணக்குலதான் காசு"ன்னு சொல்லி உடனே ஒத்துக்கிட்டாரு. போர்டு இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழில மாட்டியிருக்கு, நீலத்துல வெள்ளை எழுத்து.