மா: குதிரையா, அம்மாவா, நிலமா?

சங்கத் தமிழ்ல 'மா'ன்னா குதிரை. சீனாவோட மாண்டரின்லயும் 'மா'ன்னா குதிரைதான். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த உடனே "அப்போ ரெண்டு மொழிக்கும் வேர் ஒண்ணுதான்"னு சொல்லத் தோணும், அந்த ஆர்வம் நல்லாவே புரியுது, ஆனா அப்படி முடிவு கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு சொல்லும் பழைய காலத்துல எப்படி இருந்துச்சுன்னு தோண்டிப் பார்க்கணும்.

தமிழ் மா குதிரைக்குன்னே பொறந்த சொல் இல்ல. அது பொதுவா விலங்கைக் குறிக்கும். சிங்கம் அரிமா, யானை கைம்மா, தொல்காப்பியம் மாவை ஐந்தறிவு உயிர்கள்ல சேர்க்குது. அந்தப் பொதுச்சொல் சில இடத்துல குதிரையைக் குறிச்சு வருது, அவ்வளவுதான். சீன மா அப்படி இல்ல, அதுக்குக் குதிரை மட்டும்தான் அர்த்தம். அதோட பழைய சீனத்துல அந்தச் சொல்லுக்குள்ள மகரத்துக்கு அடுத்து ஒரு 'ர' ஒலி இருந்துச்சுன்னு ஆய்வாளர்கள் கணிச்சிருக்காங்க, சீனத்துக்கு உறவான பர்மிய மொழியோட பழைய எழுத்துலயும் குதிரைக்கான சொல் 'ம்ராங்' மாதிரிதான் இருக்கு. உண்மையிலேயே உறவுள்ள சொல்லுன்னா பின்னாடி போகப் போக ரெண்டும் நெருங்கி வரணும். இங்க பின்னாடி போகப் போக விலகுது. அதனால இது தற்செயல்.

ஆனா வியட்நாமிய மொழியோட 'மா' (குதிரை) தற்செயல் இல்ல, அது சீனத்துல இருந்து நேரா வந்த கடன். வியட்நாமியத்துல ஆறு தொனி (குரலை ஏத்தி இறக்கிச் சொல்ற விதம்) இருக்கறதால 'மா'வையே ஆறு விதமா சொல்லலாம்: ஒரு தொனில பேய், இன்னொண்ணுல அம்மா, அப்புறம் 'ஆனால்', கல்லறை, குதிரை, நெல் நாற்று. நம்ம காதுக்கு எல்லாம் ஒரே சொல்லா கேட்கும், அவங்களுக்கு இது ஆறும் தனித்தனி. மாண்டரின்ல நாலு தொனி, அதுல அம்மா, சணல், குதிரை, திட்டுறது. அங்க அம்மாங்கற எழுத்தை எழுதறப்போ பெண்ணுக்கான குறியும் குதிரைக்கான குறியும் சேர்ந்து வரும், அதுல குதிரைக்கு அர்த்த வேலை எதுவும் கிடையாது, 'மா'ன்னு படிக்கணும்னு சொல்றதுக்காக மட்டும் நிக்குது.

சரி, ஏன் இந்த 'மா' இப்படி எல்லா இடத்துலயும் இருக்கு? ம், ஆ ரெண்டுமே சுலபமான ஒலி. உதட்டை மூடினா ம், வாயைத் திறந்தா ஆ. உலக மொழிகள்ல பத்துல ஒன்பதுக்கும் மேல 'ம்' இருக்கு. ஒரு மெய் ஒரு உயிர்னு சேர்த்து உண்டாக்கக்கூடிய அசைகள் எந்த மொழியிலயும் ரொம்பக் கொஞ்சம்தான், ஆயிரக்கணக்கான மொழிகள் அந்தக் கொஞ்சத்தையே பங்கு போட்டா மோதத்தான் செய்யும். நீளமான சொல் ரெண்டு மொழியில ஒத்துப்போனா சந்தேகப்படலாம், ஓரசைச் சொல் ஒத்துப்போனா அது சாட்சியே இல்ல.

அம்மா விஷயம் மட்டும் கொஞ்சம் வேற. ரோமன் யாகப்சன்ங்கற மொழியியலாளர் 1960-ல வெளியான ஒரு கட்டுரைல இதை விளக்கினார்: பால் குடிக்கற குழந்தையால வாயைத் திறந்து சத்தம் போட முடியாது, மூக்கு வழியா முனகத்தான் முடியும், அந்த முனகல்தான் அப்புறம் பால் வேணும், அம்மா வேணும்ங்கற அழைப்பா மாறுது, பெரியவங்க அதைக் கேட்டு "என்னைத்தான் கூப்பிடுது"ன்னு எடுத்துக்கறாங்க. இதனாலதான் தொடர்பே இல்லாத மொழிகள்லயும் அம்மாவுக்கு மகரம் வருது. ஆனா இது சட்டம் இல்ல, ஒரு சாய்வு. ஜார்ஜிய மொழியில 'மாமா'ன்னா அப்பா, அம்மாவுக்கு 'தெதா'. ஆஸ்திரேலியாவோட பிட்ஜன்ஜட்ஜாரா மொழியிலயும் 'மாமா' அப்பாதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இத்தாலிய மொழியும் பிரெஞ்சும். ரெண்டும் லத்தீனோட பிள்ளைகள். இத்தாலியத்துல 'மா'ன்னா 'ஆனால்', பிரெஞ்சுல 'மா'ன்னா 'என்னுடைய' (பெண்பால் சொல்லுக்கு முன்னாடி). ஒரே குடும்பம், ஒரே ஒலி, ஆனாலும் உறவு இல்ல: இத்தாலிய மா, 'அதிகமா'ன்னு அர்த்தம் வர்ற 'மாகிஸ்'ங்கற லத்தீன் சொல் தேய்ஞ்சு வந்தது, பிரெஞ்சு மா 'மேயம்'ங்கறதுல இருந்து வந்தது. இத்தாலிய மாவோட சொந்த உடன்பிறப்பு பிரெஞ்சுல 'மே'ன்னு ஒலிக்கற வேற சொல். ஒலியை மட்டும் நம்பினா தப்பான ஜோடியைத்தான் பிடிப்போம்.

எழுத்து ஒரே மாதிரி இருக்கற ஃபின்னிஷ், எஸ்டோனிய 'மா' ரெண்டுக்கும் நிலம்னு அர்த்தம், இது நிஜமான ரத்த உறவு, ஏன்னா மத்த நூத்துக்கணக்கான சொற்களும் அதே ஒழுங்குல ஒத்துப்போகுது. அரபிலயும் ஹீப்ருலயும் 'மா'ன்னா 'என்ன', அதுவும் அப்படித்தான். ஹங்கேரிய மொழி ஃபின்னிஷுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனா அங்க 'மா'ன்னா 'இன்னிக்கு'.

தமிழுக்குள்ளயே மா ஒரு கூட்டம். நன்னூல் சொல்ற 42 ஓரெழுத்துச் சொற்கள்ல இதுவும் ஒண்ணு: மாமரம், விலங்கு, அரைச்ச மாவு, பெரிய, அப்புறம் 1/20-ங்கற பின்னம். வேலிங்கறது பழைய நில அளவு, ஒரு வேலி நிலத்துல 20-ல ஒரு பங்குதான் ஒரு மா நிலம், பின்னமே அளவுப் பேரா ஆயிடுச்சு. 1/80 காணி. மாவையும் காணியையும் கூட்டுங்க, 4/80 கூட 1/80, மொத்தம் 5/80, அதாவது 1/16. அதுக்குப் பேரு மாகாணி.