அத்லெடிக் டைரக்டர்னா "தடகள இயக்குநர்" இல்லீங்க

"நோட்டர் டேம் தடகள இயக்குநர் கீழே இறங்குகிறார்." இந்த மாதிரி வரிய எத்தனை தடவதான் படிக்கிறது? ஜாக் ஸ்வார்ப்ரிக் பத்தி தமிழ்ல எதத் தேடினாலும் இந்தத் தடகளம்தான் வந்து நிக்குது. 2008லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் அமெரிக்காவுல இருக்குற நோட்டர் டேம் யுனிவர்சிட்டியோட விளையாட்டு மொத்தத்தையும் கட்டி மேய்ச்ச மனுஷன், அவர ஓட்டப்பந்தய வாத்தியார் ஆக்கிட்டாங்க.

தடகளம் நல்ல சொல்லுங்க, அதுல எனக்கு சண்டையே இல்ல. ஓடுறதுக்குத் தடம், தாண்டுறதுக்கும் எறியுறதுக்கும் களம், ரெண்டும் சேர்ந்து தடகளம். பி.டி. உஷா தடகள வீராங்கனைன்னா கச்சிதமா பொருந்துது.

அத்லெடிக்ங்கறது கிரேக்கச் சொல். ஆத்லோன்னா போட்டியில ஜெயிச்சு வாங்குற பரிசு, அதுக்காகப் போட்டி போடுறவன் அத்லெடெஸ். இது லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்து ரெண்டா பிரிஞ்சுது. பிரிட்டிஷ்காரங்களுக்கு அத்லெடிக்ஸ்னா ஓட்டம், தாண்டல், எறிதல். அமெரிக்கால அது எல்லா விளையாட்டுக்கும் பொதுப் பேரு. நமக்கு வந்தது பிரிட்டிஷ் அர்த்தம், அதுக்குத் தடகளம்னு வச்சோம், சரியா இருந்துச்சு. அத அப்படியே தூக்கிட்டுப் போய் அமெரிக்கப் பதவி மேல ஒட்டினதுதான் தப்பு.

ஸ்வார்ப்ரிக் காலத்துல அவங்க ஜெயிச்ச தேசிய பட்டங்களப் பாருங்க. 2010ல மகளிர் கால்பந்து, 2013ல ஆண்கள் கால்பந்து, 2018ல மகளிர் கூடைப்பந்து, 2023ல ஆண்கள் லக்ராஸ் (வலை கட்டின குச்சியால பந்தப் பிடிச்சு எறிஞ்சு ஆடுறது), இது போக வாள்வீச்சுல பல தடவை. இதுல எதுங்க தடகளம்? ஓட்டமும் தாண்டலும் அவர் கைக்குக் கீழ இருந்த துறையில ஒரு மூலை, அதுக்குன்னு தனியா கோச் இருக்காரு. தடகள இயக்குநர்னா படிக்கிறவன் அந்தக் கோச்சத்தான் நினைப்பான்.

இன்னொரு கூட்டம் "உடற்கல்வி இயக்குநர்"னு எழுதுது. நம்ம ஊரு காலேஜ்ல அது நிஜமாவே இருக்குற பதவி, விசில் கட்டிக்கிட்டு காலைல கிரவுண்டுக்கு வந்து டீம் செலக்ட் பண்ணி மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறவரு. மரியாதையான வேலை, ஆனா வேற வேலை. ஸ்வார்ப்ரிக் ஒரு வக்கீல். கோச்ச எடுக்குறது, எடுத்தவர அனுப்புறது, என்பிசி டிவியோட ஒப்பந்தம் பேசுறது, ஸ்டேடியத்த விரிவாக்கிக் கட்டுறதுன்னு அவர் பார்த்த வேலையே வேற.

என் கணக்குல சரியான தமிழ் "விளையாட்டுத் துறை இயக்குநர்". நடுவுல இருக்குற "துறை"ய விடக் கூடாது, விட்டா விளையாட்டு இயக்குநர்னு ஆகி சினிமா டைரக்டர் ஞாபகம் வருது. பள்ளிக் கல்வித் துறை இயக்குநர்னு சொன்னா யாரும் பாடம் நடத்துறவர்னு நினைக்கிறதில்லையே, நிர்வாகத் தலைமைன்னுதான புரியுது, அதே கணக்குதான் இதுவும்.

அடுத்து அந்த "கீழே இறங்குகிறார்", பதவிய விட்டுப் போறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற "ஸ்டெப் டவுன்"ஓட நேர் பெயர்ப்பு. நம்ம ஊருல கீழ இறங்குறதுன்னா பஸ்ஸுலேர்ந்துதான். ராஜினாமான்னு போட்டா ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்டாருன்னு ஆகுது. அவரோ 2023 ஜூன்லயே சொல்லிட்டு, அடுத்து வர்ற பீட் பெவாக்வாவ பக்கத்துல வச்சுக்கிட்டு, பொறுமையா போனவரு. "விடைபெற்றார்"னு அழகா ஒரு சொல் நம்மகிட்ட இருக்கே, அதுக்கு என்ன குறை?

இன்னும் மோசம் "அட்லாண்டிக் கடற்கரை மாநாடு". அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸத்தான் இப்படி எழுதுறாங்க. மாநாடாங்க அது? கான்ஃபரன்ஸ்னா அங்க காலேஜ் அணிங்க சேர்ந்து வச்சிருக்குற கூட்டமைப்பு. ரசிகருங்க அவருக்கு நன்றி சொல்ற பெரிய காரணமே இந்த ஒரு சொல்லுலதான் இருக்கு, மத்த விளையாட்டுகள்ல பெரும்பாலானதக் கூட்டமைப்புக்குள்ள சேர்த்துட்டு, அமெரிக்கன் ஃபுட்பாலுல மட்டும் சீசனுக்கு அஞ்சு ஆட்டம் அவங்களோட ஆடுறோம், மத்தபடி நாங்க சுயேச்சைன்னு 2012ல பேசி முடிச்சாரு. மாநாடுன்னு எழுதினா அந்தச் சாமர்த்தியம் படிக்கிறவனுக்கு எப்படி எட்டும்? சுயேச்சைங்கற சொல்லையாவது பிடிச்சுக்கோங்க, தேர்தல் புண்ணியத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்.

நான் இவ்ளோ சூடாகுறதுக்குக் காரணம் அந்த மனுஷன் மேல இருக்குற மரியாதைதான். 2021 கடைசில அமெரிக்கன் ஃபுட்பால் கோச் பிரையன் கெல்லி எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) திடீர்னு கிளம்பினப்போ எல்லாரும் ஆடிப் போய்ட்டோம், சில நாள்லயே 35 வயசு மார்கஸ் ஃப்ரீமன்கிட்ட பொறுப்பக் குடுத்தாரு. காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற 12 அணி ப்ளேஆஃப் திட்டத்த வகுத்த நாலு பேருல அவரும் ஒருத்தர், சுயேச்சை அணிக்கு முதல் சுற்று விலக்கு (ஆடாமலே நேரா அடுத்த சுற்றுக்குப் போறது) கிடையாதுங்கற அப்போதைய விதியையும் ஒத்துக்கிட்டு வந்தாரு. அதுக்காக அவரத் திட்டினவங்க உண்டு, நானும் திட்டியிருக்கேன். அவர் போனப்புறம் 2024 டிசம்பர் 20, அந்தப் புது முறையோட முதல் ஆட்டம் நோட்டர் டேம் ஸ்டேடியத்துலயே நடந்துச்சு, இந்தியானா யுனிவர்சிட்டி அணிய 27-17னு ஜெயிச்சோம். விலக்கு கிடைச்சிருந்தா அந்த ராத்திரி, ஸ்டேடியம் இருக்குற சௌத் பெண்டு ஊர்ல ஆட்டமே இருந்திருக்காது. ஃப்ரீமன் அணி ஃபைனல் வரைக்கும் போய் ஒஹாயோ ஸ்டேட்கிட்ட 34-23னு தோத்துச்சு. அன்னிக்கும் தமிழ்ல ஒருத்தர் எழுதுறாரு, "முன்னாள் தடகள இயக்குநர் ஸ்வார்ப்ரிக்"னு.